வீட்டுத் தோட்டத்து ஆப்பிள்: ரகம் முதலா, வேர்ச்செடி முதலா?

ஆப்பிள் விதையைப் புதைத்தால் மரம் முளைக்கும். நீங்கள் தின்ற பழம் மட்டும் அதில் காய்க்காது. ஒவ்வொரு விதையும் தாய்மரத்துக்கும் மகரந்தம் தந்த வேறொரு மரத்துக்கும் பிறந்த புதுக் கலப்பு. பெரும்பாலும் புளிப்பும் துவர்ப்புமான சிறு காய்தான் கிடைக்கும், அதற்கும் ஆறேழு ஆண்டு, சில நேரம் பத்தாண்டு ஆகிவிடும். அதனால்தான் பெயர் பெற்ற ஆப்பிள் எல்லாமே ஒட்டு வழியாகத் தழைக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 1868 வாக்கில் மரியா ஆன் ஸ்மித்தின் தோட்டத்தில் தானாக முளைத்த ஒற்றை நாற்றிலிருந்து வெட்டி வெட்டி ஒட்டியதுதான் இன்று உலகமெங்கும் நிற்கும் கிரானி ஸ்மித்.

கன்று ஒன்றாகத் தெரிந்தாலும் அதில் இரண்டு செடிகள் இருக்கின்றன. மேலே இருப்பது ரகம். கீழே மண்ணுக்குள் இருப்பது வேர்ச்செடி. பழத்தின் நிறம், சுவை, பூக்கும் நாள் ஆகியவை மேல்பாதியின் பொறுப்பு. மரம் எவ்வளவு உயரம் போகும், எத்தனையாவது ஆண்டு காய்க்கும், தண்ணீர் தேங்கினால் தாங்குமா, காற்றில் சாயுமா என்பதெல்லாம் பெரும்பாலும் கீழ்ப்பாதி கையில். பலரும் நாக்குக்குப் பிடித்த ரகத்தின் பெயரை முதலில் முடிவு செய்துவிட்டு, அது எந்த வேரில் வந்தாலும் சரி என்று வாங்கி நடுகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் உங்கள் இடத்துக் குளிர், பிறகு வேர்ச்செடி, பிறகு மகரந்தத் துணை, கடைசியாகத்தான் சுவை.

குளிர் எவ்வளவு?

இலையுதிர்ந்து உறங்கும் ஆப்பிள் மொட்டு, போதிய குளிரைக் கடந்தால்தான் ஒழுங்காக விழிக்கும். ஏறக்குறைய 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையுள்ள மணிநேரங்களைக் கூட்டுவது எளிய கணக்கு. இஸ்ரேலில் உருவான அன்னா, பஹாமாஸில் கண்டெடுக்கப்பட்ட டோர்செட் கோல்டன் இரண்டுக்கும் 200 முதல் 300 மணிநேரம் போதும். பிங்க் லேடி என்ற வணிகப் பெயரில் விற்கும் கிரிப்ஸ் பிங்க் 400, 500 கேட்கும். கோல்டன் டெலிஷஸுக்கு 600, 700 வேண்டும். ஹனிகிரிஸ்ப், ரெட் டெலிஷஸ் போன்றவை 800க்கு மேல் எதிர்பார்க்கும். இவை தோராயமான எண்கள். நூறு முன்னே பின்னே இருக்கலாம்.

குளிர் பற்றாவிட்டால் மரம் சாகாது, அதுதான் ஏமாற்று. கிளை நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை விட்டு நடுப்பகுதி மொட்டையாக நிற்கும். பூ ஒரே வாரத்தில் விரியாமல் மாதக்கணக்கில் ஒன்றிரண்டாக வரும். துணைமரம் பூக்கும்போது இது பூக்காது. உரம் போதவில்லை என்று நினைத்து உரத்தைக் கொட்டுவார்கள், பலன் இருக்காது. தலைகீழாகச் செய்தாலும் கெடும். குறைந்த குளிர் போதுமான அன்னாவைக் கடுங்குளிர்ப் பகுதியில் நட்டால், குளிர்கால நடுவில் வரும் நாலு வெயில் நாளை வசந்தம் என்று நம்பிப் பூத்துவிடும். விரிந்த பூ சுமார் மைனஸ் 2 டிகிரியில் கருகத் தொடங்கும். மைனஸ் 4ஐ நெருங்கினால் பத்தில் ஒன்பது பூ போய்விடும்.

இன்னொரு முனையையும் பாருங்கள். கிரிப்ஸ் பிங்க் பூவிலிருந்து பழமாக ஏறக்குறைய 200 நாள் எடுக்கும். காலாவுக்கு நாலு மாதம் போதும். உறைபனி சீக்கிரம் வரும் இடத்தில் கிரிப்ஸ் பிங்கை நட்டால் ஒவ்வோர் ஆண்டும் பச்சைக் காயைத்தான் பறிப்பீர்கள்.

வேர்ச்செடி: தேர்வின் முதுகெலும்பு

இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தில் வகைப்படுத்திய எம் வரிசையும், கம்பளி அசுவினி என்னும் சாறுறிஞ்சும் பூச்சியைத் தாங்குவதற்காக நார்தர்ன் ஸ்பை ரகத்தோடு கலந்து உருவாக்கிய எம்எம் வரிசையும்தான் இன்றும் அதிகம் புழங்குகின்றன. அமெரிக்காவில் நியூயார்க்கின் ஜெனிவாவில் உருவான ஜி வரிசை பின்னால் வந்தது.

எம்27 மிகக் குள்ளம், ஆள் உயரத்தைத் தாண்டாது. தொட்டிக்குச் சரி, மண்ணில் நட்டால் களைகூட அதை வென்றுவிடும். எம்9 இரண்டரை முதல் மூன்று மீட்டர் வரை வளர்ந்து, இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கும், பழமும் பெரிது. ஆனால் அதன் வேர் மேலோட்டமானது, எளிதில் ஒடியும். ஆயுள் முழுக்க முட்டுக்கம்பு வேண்டும், தூரைச் சுற்றி ஒரு மீட்டருக்குப் புல் இருக்கக் கூடாது, வெயில் காலத்தில் தண்ணீர் தவறக் கூடாது. இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாதவர் எம்9 வாங்காமல் இருப்பதே நல்லது. எம்26 அதைவிடக் கொஞ்சம் உயரம், கொஞ்சம் திடம். ஆனால் எம்9, எம்26 இரண்டுமே தீக்கருகல் என்னும் பாக்டீரியா நோய்க்கு எளிதில் இரையாகும்.

எம்எம்106 மூன்றரை முதல் ஐந்து மீட்டர் உயரம் போகும், மூன்று நான்கு ஆண்டில் காய்க்கும், முதல் சில ஆண்டு கம்பு கொடுத்தால் பிறகு தானே நிற்கும். வடிகால் நன்றாக உள்ள சராசரி மண்ணில் வீட்டுத் தோட்டத்துக்கு இதைத்தான் முதலில் கேட்பேன். அதன் பலவீனம் ஒன்றே ஒன்று: தண்ணீர் தேங்கும் மண்ணில் தூரழுகல் வந்துவிடும். களிமண்ணோ வறட்சியோ இருந்தால் எம்எம்111க்குப் போங்கள். ஆழமாக வேரோடும், பட்டினியைப் பொறுக்கும்; அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை: காய்ப்புக்கு நாலைந்து ஆண்டுக் காத்திருப்பு, நாலு முதல் ஆறு மீட்டர் உயரம், பறிக்க ஏணி. பழைய ஆப்பிள் மரத்தைத் தோண்டி எடுத்த அதே குழியில் மறுபடி நடுவதென்றால் எம் வரிசை சோர்ந்து நிற்கும், அங்கே ஜி.41, ஜி.890 போன்றவை நன்றாக வரும், தீக்கருகலையும் தாங்கும். ஜி.41இல் ஒட்டுக் கணு (ரகமும் வேர்ச்செடியும் சேரும் இடம்) இளமையில் எளிதில் முறியும் என்பதால் காற்று வீசும் இடத்தில் கம்பைத் தவறாமல் நடவும்.

வறண்ட மண், ஆனால் குட்டை மரம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. எம்எம்111 வேர்மேல் 15, 20 செ.மீ. எம்9 துண்டை ஒட்டி, அதன்மேல் ரகத்தை ஒட்டுவது. வேர் ஆழம் கிடைக்கும், மரமும் அடங்கும். ஆனால் இரண்டு கணு, இரண்டு தோல்வி வாய்ப்பு. முதன்முறை கத்தி எடுப்பவருக்கு ஏற்றதல்ல.

எந்த வேராக இருந்தாலும் நடும்போது ஒட்டுக் கணு மண்ணுக்கு மேலே 10 முதல் 15 செ.மீ. இருக்க வேண்டும். கணு புதைந்தால் மேல் ரகமே வேர் விட்டுவிடும். எம்9க்காகச் செலவழித்தது வீணாகி மரம் கூரைக்கு மேல் போகும். இதை ஐந்தாறு ஆண்டு கழித்துத்தான் கவனிப்பார்கள்.

தனிமரம் காய்க்குமா?

பெரும்பாலான ரகங்கள் தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை. ஒரே ரகத்தில் பத்து மரம் நட்டாலும் அது ஒரே மரம்தான், ஏனென்றால் எல்லாம் ஒரே குச்சியின் பிரதி. ஃபூஜியில் நிறம் கூடிய உட்பிரிவுகளும் அப்படியே. ஃபூஜிக்கு ஃபூஜி துணையாகாது. ஏறக்குறைய ஒரே வாரத்தில் பூக்கும் வேறு ரகம் 15 மீட்டருக்குள் இருந்தால் தேனீ மீதியைப் பார்த்துக்கொள்ளும். அன்னாவுக்கு டோர்செட் கோல்டன், காலாவுக்கு ஃபூஜி, பலவற்றுக்கும் பொதுவாகக் கோல்டன் டெலிஷஸ் என்று ஜோடி சேர்க்கலாம்.

பலர் தடுமாறும் இடம் மும்மய ரகங்கள், அதாவது வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதிக் குரோமோசோம் உள்ளவை. ஜோனாகோல்ட், முட்சு, பிராம்லி, கிராவன்ஸ்டைன் இவற்றின் மகரந்தம் மலடு. வாங்கும், கொடுக்காது. எனவே ஜோனாகோல்டும் கோல்டன் டெலிஷஸும் மட்டும் நட்டால் இரண்டாவது மரம் துணையில்லாமல் நிற்கும். மும்மயம் ஒன்று வேண்டுமென்றால் கூடவே ஒன்றோடொன்று பொருந்தும் வேறு இரண்டு ரகம் வேண்டும். ஜோனாகோல்டுக்குத் தாயே கோல்டன் டெலிஷஸ்தான் என்பதால், நெருங்கிய உறவில் துணை தேடுவதும் சில நேரம் காய்ப்பைக் குறைக்கும். இடமில்லாதவர்கள் அலங்காரக் காட்டு ஆப்பிளின் ஒரு கிளையை மரத்திலேயே ஒட்டிவிட்டால் கணக்கு முடிந்தது.

இனிச் சுவை, நோயோடு சேர்த்து

வசந்த மழை அதிகமுள்ள இடத்தில் முதல் எதிரி ஸ்கேப் என்னும் சொறிப் பூஞ்சை: இலையில் கரும்பச்சைத் திட்டு, காயில் வெடிப்பு. காலாவும் கிரிப்ஸ் பிங்கும் இதில் மாட்டிக்கொள்ளும். 1978இல் ஜெனிவாவிலிருந்து வந்த லிபர்ட்டி, அதன் பிறகு வந்த என்டர்பிரைஸ், கோல்ட்ரஷ், செக் நாட்டு டோபாஸ் இவையெல்லாம் எதிர்ப்புள்ளவை. எதிர்ப்பின் வேர் மாலஸ் ஃப்ளோரிபுண்டா என்ற காட்டு ஆப்பிளிலிருந்து வந்த ஒரே மரபணுதான். சில இடங்களில் பூஞ்சை அதையும் தாண்டிவிட்டது. ஆகவே 'நோய் வராது' என்று யாராவது சொன்னால் பாதி மட்டும் நம்புங்கள். கோல்ட்ரஷ் சொறியைத் தாங்கினாலும், அருகில் ஜூனிபர் வகை மரங்கள் இருந்தால் துரு நோயில் சிக்கும்.

தீக்கருகல் பூக்காலத்தில் வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் வரும். காலா, ஃபூஜி, கிரிப்ஸ் பிங்க், ஜோனாகோல்ட் நான்கும் எளிதில் விழும். இங்கேதான் ரகத்தையும் வேரையும் தனித்தனியாகப் பார்க்கும் பழக்கம் கைவிடுகிறது: எம்26 வேர்மேல் காலா என்றால் மேலும் கீழும் நோய்க்குத் திறந்த கதவு. அதே காலாவை ஜி.41இல் வைத்தால் கிளை போனாலும் வேர் தப்பும்.

சுவையைப் பொறுத்தவரை யாரும் யாருக்கும் சொல்ல முடியாது, ஆனால் வைப்புக் காலத்தைச் சொல்லலாம். முன்பருவ ரகங்கள் பறித்த ஒன்றிரண்டு வாரத்தில் மாவாகிவிடும், அன்னா அப்படித்தான். ஃபூஜி, கிரானி ஸ்மித், கிரிப்ஸ் பிங்க், கோல்ட்ரஷ் குளிரில் மாதக்கணக்கில் நிற்கும். கோல்ட்ரஷ் பறித்தவுடன் புளிக்கும், வைத்துத் தின்ன வேண்டிய பழம். இரண்டு மரம் நடுகிறவர் இரண்டையும் முன்பருவத்தில் வாங்கினால் ஒரே மாதத்தில் கூடை கூடையாய்க் கொட்டி, மீதி பதினோரு மாதம் காலி. ஹனிகிரிஸ்ப்பின் மொறுமொறுப்புக்கு ஈடில்லைதான். ஆனால் கால்சியம் பற்றாமல் தோலில் பழுப்புக் குழி விழுவது அதில் சகஜம். வீரியமாக வளர்ந்த இளமரத்தில், காய் குறைவாகப் பிடித்துப் பெரிதாகும் ஆண்டில் அதிகம் வரும். உரத்தைக் குறையுங்கள், தண்ணீரைச் சீராக விடுங்கள்.

ஒட்டுவதற்கு முன் உரிமையையும் விசாரிக்க வேண்டும். ஹனிகிரிஸ்ப்பின் அமெரிக்கக் காப்புரிமை 2008இல் முடிந்துவிட்டது. காஸ்மிக் கிரிஸ்ப் போன்ற புதியவை இன்னும் பாதுகாப்பில் உள்ளன, நண்பரின் மரத்திலிருந்து குச்சி வெட்டி ஒட்டுவதற்கு அனுமதி கிடையாது. பழைய ரகங்களில் இந்தத் தலைவலி இல்லை.

எந்த ஒட்டு, எப்போது?

ஒட்டு முறையை உங்கள் விருப்பம் முடிவு செய்வதில்லை. கையிலிருக்கும் தண்டின் பருமனும் பருவமும்தான் முடிவு செய்கின்றன. பென்சில் கனத்தில் வேர்ச்செடி இருந்தால் வசந்தத்தில் நாக்கு ஒட்டு, கோடைக் கடைசியில் மொட்டு ஒட்டு. விரல் கனத்துக்கு மேல், கைப்பிடிக் கனம்வரை உள்ள கிளைக்கு ஆப்பு ஒட்டு. அதைவிடப் பருத்த பழைய மரத்துக்குப் பட்டை ஒட்டு.

முதல் மூன்றுக்குள் ஆப்பு ஒட்டுதான் கற்க எளிது. கிளையை அறுத்து, நடுவே 5 செ.மீ. ஆழம் பிளந்து, இருபுறமும் சீவிய குச்சியைப் பிளவின் இரு ஓரங்களிலும் செருக வேண்டும், அவ்வளவே. ஆனால் பிளந்த மரத்துக்குள் மழைநீர் இறங்கி அழுகல் தொடங்கும். மேல்முகத்தை மெழுகால் முழுதாக மூடாவிட்டால் நாலு ஆண்டில் தெரியும். பட்டை ஒட்டில் மரம் பிளப்பதில்லை: பட்டையில் 4, 5 செ.மீ. கீறிக் குச்சியைச் சொருகிச் சிற்றாணி அடித்தால் போதும். வசந்தத்தில் சாறு ஏறிப் பட்டை வழுக்கும் வாரங்களில்தான் முடியும், குச்சியோ அதுவரை குளிரில் தூங்க வேண்டும். ஒட்டியது வெகுவேகமாக வளரும், ஆனால் முதல் இரண்டு ஆண்டு பிடிப்பு பலவீனம். காற்றில் முழுக்கிளையும் உரிந்து விழுவதைத் தடுக்கக் கிளையோடு ஒரு கழியைக் கட்டி அதில் புது வளர்ச்சியைக் கட்ட வேண்டும்.

மொட்டு ஒட்டில் முழுக் குச்சிக்குப் பதில் ஒரே ஒரு மொட்டைத்தான் ஒட்டுகிறோம். அதனால் ஒரு ரகத்தின் ஒரே குச்சி ஐந்தாறு மரத்துக்கு வரும், தோற்றால் அதே வேர்ச்செடியில் அடுத்த வசந்தத்தில் நாக்கு ஒட்டுப் போடலாம். குச்சி அரிதாகக் கிடைத்த ரகம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இலையை வெட்டிக் காம்பை மட்டும் விட்டு ஒட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் காம்பைத் தொட்டதும் உதிர்ந்தால் பிடித்துவிட்டது, சுருங்கி ஒட்டிக்கொண்டு நின்றால் போய்விட்டது.

நாக்கு ஒட்டு கடினம் என்ற பெயர் உண்டு. கடினம் வெட்டில் மட்டும்தான், எனவே அதை நெருக்கமாகப் பார்ப்போம். குச்சியை மரம் உறங்கும்போதே வெட்டி வைத்திருக்க வேண்டும்: சென்ற ஆண்டு வளர்ந்தது, 6 முதல் 10 மி.மீ. கனம், ஈரத் துணி சுற்றிப் பாலிதீன் பையில், 1 முதல் 4 டிகிரியில். அதே குளிர்ப்பெட்டியில் பழம் இருக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கொல்லும். வேர்ச்செடி மொட்டு வீங்கும் நாளில் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த கத்தியில் தட்டையான முகம் குச்சியை நோக்கி இருக்கட்டும். கத்தியை அசைக்காமல் பிடித்துக் குச்சியை இழுத்தால் 3, 4 செ.மீ. சாய்வு ஒரே வீச்சில் வரும். சிறுகச் சிறுகச் செதுக்கினால் அலை விழும். இரண்டு வெட்டையும் சேர்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஒளி தெரிந்தால் மறுபடி வெட்டுங்கள்.

பிறகு நாக்கு. சாய்வின் கூர்முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, ஏறக்குறைய நாரோடு இணையாக ஒன்றேகால் செ.மீ. உள்ளே வெட்டுங்கள். அழுத்தினால் மரம் பிளக்கும். கத்தியை மெல்ல ஆட்டி இறக்குங்கள். இரண்டிலும் நாக்கு வந்ததும் ஒன்றுக்குள் ஒன்று செருகினால் கையை விட்டாலும் நிற்கும். பட்டைக்கும் வெள்ளை மரத்துக்கும் நடுவே நூலிழை போல் ஒரு பச்சைப் படலம் தெரிகிறதே, அதுதான் சேர வேண்டும். தோலோடு தோலைப் பொருத்தாதீர்கள். பருத்த தண்டின் தோல் தடிமன், பச்சை உள்ளே தள்ளி இருக்கும். கனம் பொருந்தாவிட்டால் நடுவில் வைக்காமல் ஒரு பக்கத்தை முழுதாகப் பொருத்துங்கள். இரண்டும் தவறி நடுவில் நின்ற ஒட்டுதான் பெரும்பாலும் சாகிறது.

குச்சியில் இரண்டு மூன்று மொட்டு போதும். நீளக் குச்சி வேர் இணைவதற்குள் காய்ந்துவிடும். பாராஃபில்ம் என்னும் நீளும் மெழுகு நாடாவை இழுத்து நீட்டி, குச்சியை முழுதும் ஓர் அடுக்கு சுற்றுங்கள். மொட்டு தானே துளைத்து வரும். கணுவில் மட்டும் அதன்மேல் ரப்பர் நாடாவை இறுக்கமாகக் கட்டி, மேல் வெட்டை மெழுகால் மூடுங்கள். தலைகீழாக வைத்தால் பிடிக்காது. சிரிக்க வேண்டாம், குச்சிகள் குவிந்த மேசையில் அடிக்கடி நடக்கும். அதனால்தான் வெட்டும்போதே கீழ்முனையைச் சாய்வாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டி வைப்பது.

ஒரே மரத்தில் பல ரகமா, பல மரமா?

ஒரு மரத்துக்கு மட்டும் இடமிருந்தால் மூன்று நான்கு ரகங்களை அதிலேயே ஒட்டுவது எல்லா வகையிலும் மேல்: மகரந்தத் துணை கிளையிலேயே இருக்கும், அறுவடையும் மாதக்கணக்கில் பரவும். ஆனால் வீரியத்தைக் கவனியுங்கள். முட்சு, பிராம்லி போன்ற முரட்டு ரகத்தை நடுத்தண்டின் உச்சியில் ஒட்டினால் இரண்டு மூன்று ஆண்டில் மற்றவற்றை நிழலில் அமுக்கிவிடும். முரடனைக் கீழே, படுக்கையான கிளையில் ஒட்டுங்கள். மெலிந்ததை மேலே விடுங்கள். கவாத்தில் எந்தக் கிளை எந்த ரகம் என்று தெரியாமல் ஒரு ரகத்தையே மொத்தமாக அறுத்துவிடுவது வழக்கமான கதை. அலுமினியத் தகட்டில் எழுதிக் கட்டுங்கள், கம்பி இறுகாத அளவுக்குத் தளர்வாக. ஒரே மரத்தில் நோய் புகுந்தால் எல்லா ரகமும் சேர்ந்து பாதிக்கும். அதைத் தவிர்ப்பதுதான் பல மரத்தின் ஒரே பெரிய அனுகூலம். இரண்டு மரத்துக்கு இடமுள்ளவர் அதற்காகவாவது இரண்டாக நடட்டும்.

மொட்டு இரண்டு மூன்று வாரத்தில் பச்சை காட்டியதும் வெற்றி என்று கொண்டாடாதீர்கள். குச்சியில் சேமித்திருந்த சத்தே இலை விடும். இணைப்பு இல்லையென்றால் ஒரு மாதத்துக்குள் வாடிவிடும். தளிர் ஒரு சாண் தாண்டிய பிறகுதான் பிடித்தது என்று பொருள். கணுவுக்குக் கீழே வேர்ச்செடி விடும் போத்துகளை விரலால் கிள்ளிவிடுங்கள். பருத்த பழைய கிளையில் ஒட்டியிருந்தால் சிலவற்றை அந்த ஓராண்டு மட்டும் விட்டு வைத்தால் தண்டு வெயிலில் வெந்து போகாது. புது ஒட்டில் பூ வந்தால் அந்த ஆண்டு கிள்ளி எறியுங்கள். பறவை உட்கார்ந்து ஒடிப்பது சகஜம், எனவே ஒட்டைவிட உயரமாக ஒரு குச்சியைக் கூடவே கட்டுங்கள். ரப்பர் நாடா தானே இற்றுப்போகும். பிளாஸ்டிக் நாடா கட்டியிருந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில், ஒட்டுக்கு எதிர்ப்புறம், நெட்டாக ஒரு கீறு.